மூளைச் சத்திரசிகிச்சையும் ஆராய்ச்சி நெறியும்
டாக்டர் பா. இராமமூர்த்தி அவர்களின் வாழ்க்கை தரும் பாடம்

உடலின் உறுப்புக்களுள் மருத்துவனின் கைக்கு மிகப் பிந்தி எட்டியது மூளையாகும். புண்ணைக் கீறி ஆற்றுதலும், முறிந்த என்பைப் பொருத்துதலும், கண்ணிற் படர்ந்த திரையை நீக்குதலும் பண்டை மக்கள் அறிந்த தொழில்கள். மண்டையோடென்னும் பெட்டகத்தினுள்ளே கிடக்கும் மூளையிற் கட்டி தோன்றினால், அதன் இடத்தைத் துணிந்து கூறவோ, திறந்து எடுக்கவோ சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதி வரை வழி பிறக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே நோயாளியின் வலிப்பையும் கைத்தளர்ச்சியையும் மட்டும் நோக்கி பெனற் என்பார் கட்டியின் இடத்தைக் குறித்துக் கொடுக்க, ரிக்மன் கொட்லி என்னும் சத்திரவைத்தியர் அவ்விடத்திலேயே திறந்து கட்டியை எடுத்தார். குறித்த இடம் சரியாகவே இருந்தது. ஆயினும், நோயாளி ஏறத்தாழ ஒரு மாதத்தின்பின் புண்ணிற் பற்றிய தொற்றினால் இறந்தார். அறிவு முன்னே சென்றது. கருவிகளும் துப்புரவும் பின்னே நடந்து வந்தன. இத்துறையின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த ஓட்டமேயாம்.

இவ்வோட்டத்தில் தமிழ்நாட்டினின்று கலந்துகொண்ட ஒருவரின் வாழ்க்கையை எடுத்து, அவர் செய்தன யாவை, அவற்றால் நாம் கற்கக்கூடியன யாவை என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். புகழ்மாலை சூட்டுவது எம் கருத்தன்று. ஒரு கேள்வியை அவர் எவ்வாறு எழுப்பினார், விடை எவ்வாறு கிடைத்தது, அவ்விடை பின்னர் எவ்வாறு திருத்தப்பட்டது என்பவற்றையே நம் மாணாக்கர் கவனித்தல் வேண்டும்.

சீர்காழியும் நம் கரையும்

டாக்டர் பாலசுப்பிரமணியம் இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் சீர்காழியிற் பிறந்தார். சீர்காழி என்றவுடன் நம் மன்னார்க் கரையில் வாழ்வோர்க்குத் திருஞானசம்பந்தர் நினைவு வருதல் இயல்பே. இராமேச்சுரத்தில் நின்று கடலுக்கு இப்பால் உள்ள திருக்கேதீச்சரத்தை அவர் பாடினார் என்பது பெரியபுராண மரபு. அப்பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது. சீர்காழியின் குரல் பாலாவியின் கரையை எட்டிய காலம் ஒன்று. அதே ஊரிற் பிறந்த ஒருவரின் கலைத்திறன் பாக்கு நீரிணையின் இருபுறத்து மக்களுக்கும் பயன்பட்ட காலம் மற்றொன்று.

1914ஆம் ஆண்டு தொடங்கித் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. கொழும்பிற் புகைவண்டி ஏறினோர் நம் தீவின் வழியாகக் கடல் கடந்து, அப்பாற் புகைவண்டியிற் சென்னையை அடைந்தனர். 1964ஆம் ஆண்டு மார்கழியில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின்னர், இராமேச்சுரத்தோடு சில காலம் தொடர்பு நிலவி, 1984இல் அதுவும் நின்றது. நம் பகுதிக்கு 1990இல் நின்றுபோன புகைவண்டி, 2015ஆம் ஆண்டிலேதான் தலைமன்னார்த் துறையை மீண்டும் அடைந்தது. வழி திறந்திருத்தலும் அடைபடுதலும் மருத்துவத்தில் எவ்வளவு பொருளுடையன என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்வியும் தொடக்கமும்

சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற இராமமூர்த்தி, 1947இல் எடின்பரோவின் அரச சத்திரவைத்தியர் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பின்னர் நியூகாசில் நகரில் ரௌபோதம் என்பாரிடம் மூளைச் சத்திரசிகிச்சை பயின்றார். மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் நடத்திய நரம்பியல் நிலையத்தையும் கண்டு கற்றார். நோயாளி விழித்திருக்க, அவரோடு உரையாடிக்கொண்டே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, பேச்சும் அசைவும் எங்கெங்கு உறைகின்றன என வரைபடமிட்டவர் பென்பீல்ட் ஆவார். சத்திரசிகிச்சை மேசையே ஆராய்ச்சிக் கூடமும் ஆகலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர்.

அதே மொன்றியலிற் பயின்ற யாக்கோபு சாண்டி 1949இல் வேலூரில் இந்தியாவின் முதலாவது நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டாகிய 1950இற் சென்னைப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி தம் பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் பல்தேவ் சிங், நரசிம்மன் ஆகிய இருவரோடு சேர்ந்து இந்திய நரம்பியற் சங்கத்தை நிறுவினர். நால்வரே கூடி அமைத்த சங்கம் அது. 1953இல் அச்சங்கம் தனக்கென ஓர் ஆராய்ச்சி இதழையும் வெளியிடலாயிற்று. நோயாளிகள் நிறைந்த கூடத்தில் ஓய்வின்றி உழைத்தோர், தாம் கண்டவற்றை எழுதிவைக்க ஓர் ஏடு வேண்டும் என முதலிலேயே எண்ணியமை கருதத்தக்கது. எழுதப்படாத அனுபவம் அதனை உடையவரோடு மறைந்துபோம்.

நம் நாட்டில் இத்துறை 1956இற் கொழும்புப் பெரியாசுப்பத்திரியில் டாக்டர் ஷெல்ற்றன் கப்ரால் அவர்களாற் கால்கொண்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1867ஆம் ஆண்டில், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் சத்திரவைத்திய நூலொன்றை ‘இரணவைத்தியம்’ என்னும் பெயராற் தமிழில் வெளியிட்டிருந்தார். தமிழில் இக்கலையைச் சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

அக்காலத்துக் கருவிகள்

1950இல் மூளையை உள்ளபடி காட்டும் படம் எதுவும் இல்லை. மூளையின் அறைகளிற் காற்றைச் செலுத்திக் கதிர்ப்படம் எடுக்கும் முறையை 1918இல் வால்ற்றர் டாண்டி கண்டார். கழுத்து நாடியில் மருந்து செலுத்திக் குருதிக்குழாய்களைப் படமெடுக்கும் முறையை 1927இற் போர்த்துக்கல் நாட்டு எகாஸ் மொனிஸ் கண்டார். இவ்விரண்டும் கட்டியை நேரே காட்டுவன அல்ல. அறைகளோ குழாய்களோ ஒருபுறம் தள்ளுண்டு கிடப்பதை நோக்கி, தள்ளியது எது என ஊகிப்பதற்கே உதவின. இருட்டறையிற் கிடக்கும் பொருளை, அதன்மீது மோதித் திரும்பிய காற்றைக்கொண்டு அறிவது போன்ற வேலை அது. ஆகவே நோயாளியின் நடை, பார்வை, பேச்சு, கைப்பிடி ஆகியவற்றை நுணுகி நோக்கும் பயிற்சியே மருத்துவனின் தலையாய கருவியாயிற்று.

1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய பொறியால் முதல் நோயாளியின் மூளை குறுக்குவெட்டாகப் படமெடுக்கப்பட்டது. சீ.ரி. ஸ்கான் என இன்று ஊரெல்லாம் அறிந்த கருவி அதுவே. ஆக, இராமமூர்த்தியின் பணியில் முதல் இருபது ஆண்டுகளும் இக்கருவி தோன்றுமுன் கழிந்தன.

கட்டிகள் பற்றிய ஆராய்ச்சி

மேனாட்டு நூல்களைப் பயின்று வந்தவர் சென்னையில் மண்டையோட்டைத் திறந்தபோது, நூலிற் கண்டதும் நேரிற் கண்டதும் ஒன்றாயிருக்கவில்லை. மேனாடுகளில் மூளைக்கட்டி எனப்படுபவை பெரும்பாலும் மூளையின் தாங்கு கலங்களினின்றோ, அதனைப் போர்த்த உறையினின்றோ எழுவன. இந்திய மருத்துவமனைகளிலோ அக்காலத்தில் ஐந்திலொரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல், சயரோகக் கட்டிகளாயிருந்தன. நெஞ்சைப் பற்றும் அதே கிருமி மூளையிற் குடியேறி உருண்டு திரண்ட கட்டியாகின்றது. தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு, வலிப்பு என்னும் அறிகுறிகள் இரண்டிற்கும் பொதுவானவை. மருத்துவமோ வேறு. சயரோக மருந்துகள் தோன்றுமுன் இக்கட்டியை அறுத்தால் கிருமி மூளையுறையெங்கும் பரவி நோயாளி இறத்தல் வழக்கம். ஸ்ரெப்ரோமைசின் 1940களிலும், ஐசோனையசிட் 1952இலும் கைக்கு வந்த பின்னரே அறுவை அச்சமின்றி நடைபெறலாயிற்று. ஸ்கான் வந்த பின்னர், பல கட்டிகள் அறுவையின்றி மருந்தினாலேயே கரைவதும் கண்ணாற் காணப்பட்டது.

இங்கே இன்னொரு திருப்பமும் உண்டு. ஸ்கான் பரவியபோது, வலிப்பு வந்த இந்திய நோயாளிகள் பலரின் மூளையிற் சிறிய ஒற்றைப் புள்ளி போன்ற கட்டி தென்பட்டது. அதுவும் சயரோகமே என்று கருதிப் பலருக்கு நீண்டகாலம் மருந்து கொடுக்கப்பட்டது. வேலூரைச் சேர்ந்த மத்தேயு சாண்டியும் வேதாந்தம் இராஜசேகரும் அவர்தம் துணைவரும் அத்தகைய கட்டிகளை ஊசிவழி எடுத்து நுண்காட்டியில் ஆராய்ந்தனர். அவற்றுட் பல நாடாப்புழுவின் குடம்பியால் உண்டானவை என்பதை 1989இல் வெளியிட்டனர். பெரும்பாலானவை தாமே சுருங்கி மறைவன. ஒரு தலைமுறை கண்ட உண்மையை அடுத்த தலைமுறை எல்லை வகுத்துத் திருத்தியது. முன்னோர் கண்டது பொய்யன்று. எல்லாப் புள்ளியும் அதுவே என்று கொண்டதே பிழை.

மூளையின் தாங்கு கலங்களினின்று எழும் கொடிய கட்டி இன்றும் முற்றாக வெல்லப்படவில்லை. அது வேரோடிப் பரவுவதால் முழுவதும் அறுத்தெடுத்தல் இயலாது. 2005இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று, கதிர்ச்சிகிச்சையோடு தெமொசொலமைட் என்னும் மருந்தைச் சேர்த்தால் நோயாளரின் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதத்தினின்று 14.6 மாதமாக உயர்வதைக் காட்டியது. இரண்டரை மாத ஊதியத்துக்கு உலகின் பல நாட்டு அறிஞர் ஒன்றுகூடி உழைத்தனர். கட்டி வளரத் தனக்கெனப் புதிய குருதிக்குழாய்களை வரவழைத்துக்கொள்கின்றது என்னும் கருத்தை 1971இல் யூதா போக்மன் வெளியிட்டார். அக்குழாய்களைத் தடுக்கும் மருந்தும் பின்னர்த் தோன்றியது. ஆனால் 2014இல் வெளியான ஆய்வுகளில், புதிதாக நோய் கண்டோருக்கு அது வீக்கத்தைத் தணித்ததேயன்றி ஆயுளை நீட்டவில்லை. கட்டியைப் பற்றிய ஆராய்ச்சியும் குருதிக்குழாய் பற்றிய ஆராய்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை இதனால் அறிகின்றோம்.

குருதிக்குழாய் பற்றிய கேள்வி

மூளையின் அடியில் நாடிகள் கிளைவிடும் மூலைகளிற் சிலருக்குச் சுவர் நலிந்து, சிறு பை போலப் புடைக்கும். பழைய சைக்கிள் ரியூப்பில் நலிந்த இடம் புடைப்பதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். புடைப்பு வெடித்தால், வாழ்நாளில் என்றுமே கண்டிராத தலைவலி இடி விழுந்தாற்போல ஒரு கணத்தில் வரும்; கழுத்து விறைக்கும்; பலர் அன்றே இறப்பர். 1937இல் டாண்டி அப்புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியிட்டு அடைத்தார். 1960களின் இறுதியிலிருந்து யசார்கில் சத்திரசிகிச்சையில் நுண்காட்டியைப் புகுத்தினார். 1990களில் தொடையிலுள்ள நாடிவழியாகவே மெல்லிய கம்பிச்சுருளைச் செலுத்தி அடைக்கும் முறை வந்தது.

சென்னையில் இராமமூர்த்தி கவனித்தது யாதெனில், மேனாட்டில் அடிக்கடி காணும் இந்நோய் தம் மருத்துவமனையில் அரிதாகவே வருகின்றது என்பது. தம் ஒருவர் அனுபவத்தோடு அமையாமல், இந்தியாவின் பல நிலையங்களிலிருந்தும் விபரம் திரட்டினார். திரட்டியதை ஆராய்ந்து, இப்புடைப்பு இந்தியாவில் மேனாட்டை விட அரிது என 1969இல் அமெரிக்க நரம்பியற் சத்திரசிகிச்சை இதழில் எழுதினார்.

பிற்காலத்தில் ஸ்கானும் குழாய்ப்படமும் பரவப் பரவ, இந்நோயாளரின் தொகை நிலையங்களில் ஏறிக்கொண்டே சென்றது. நோய் பெருகியதா, அன்றி நோயாளி வந்து சேரத் தொடங்கினாரா என்னும் ஐயம் எழுந்தது. இங்கேதான் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். மருத்துவமனை எண்ணுவது தன் வாயிலைக் கடந்து வந்தோரை. தலைவலியோடு வீழ்ந்து வீட்டிலேயே இறந்தவரும், வண்டி கிடையாமல் வழியில் இறந்தவரும், ‘மாரடைப்பு’ என்று எழுதிப் புதைக்கப்பட்டவரும், எரிக்கப்பட்டவரும் அக்கணக்கில் இல்லை. அரிதாக வருவது வேறு. அரிதாக உள்ளது வேறு. இராமமூர்த்தியின் கட்டுரை அக்காலத்துக் கிடைத்த சான்றுக்கு இயைந்த நேர்மையான விடை. அதனை அவர் அச்சிலிட்டமையாலேயே பிறர் சோதிக்கவும் திருத்தவும் இடமுண்டாயிற்று.

நுண்ணிலைச் சத்திரசிகிச்சை

ஆழத்தேயுள்ள ஒரு சிறு புள்ளியை, தலையிற் பொருத்திய சட்டகத்தின் அளவுகளைக் கொண்டு ஊசியால் அடையும் முறையை 1947இற் ஸ்பீகலும் வைசிசும் மனிதரிற் கையாண்டனர். சென்னையில் இராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் தி. எஸ். கனகா ஆகியோர் இம்முறையைப் பார்கின்சன் நடுக்கத்துக்கும் பிற நோய்களுக்கும் பெரிதும் பயன்படுத்தினர். 1932இற் பிறந்து 2018இல் மறைந்த கனகா அம்மையார், ஆசியாவின் முதற் பெண் நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணர்களுள் ஒருவர்.

இக்குழுவினர் அடக்கவியலாக் கொந்தளிப்புடைய நோயாளருக்கும், பிள்ளைகளுக்குங்கூட, மூளையின் ஆழத்திற் சிறு இடங்களை அழித்து அமைதி தரும் சிகிச்சையைச் செய்து, 1969, 1970ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். நடத்தையை மாற்றுவதற்காக மூளையை அழித்தல் தகுமா, சம்மதம் சொல்ல இயலாத பிள்ளைக்கு யார் சம்மதிப்பது என்னும் வினாக்கள் பின்னர் உலகெங்கும் எழுந்தன. இன்று அத்தகைய சிகிச்சை பெரும்பாலும் கைவிடப்பட்டது. பெரியோர் செய்தார் என்பதனால் மட்டும் ஒன்றைச் சரியெனக் கொள்ளாமையும், அதனால் அவர் பிற பணிகளைச் சிறுமைப்படுத்தாமையும் நடுவுநிலைமையாகும்.

1980இல் இராமமூர்த்தியும் பிரகாஷ் தண்டனும் பதிப்பித்த நரம்பியற் சத்திரசிகிச்சைப் பாடநூல் வெளிவந்தது. அரச பணியினின்று ஓய்ந்த பின்னரும் அடையாற்றில், டாக்டர் சஞ்சீவி நிறுவிய தன்னார்வச் சுகாதார நிலையத்தில் நரம்பியற் சத்திரசிகிச்சை மையத்தை வளர்த்தார். இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 2003ஆம் ஆண்டு மார்கழி 13ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நம் கரைக்கு இதனால் ஆவது என்ன?

மூளைநோய் நகரத்தார்க்கே உரியதன்று. நம் கரையின் தொழில்களே தலையையும் முதுகுநாணையும் இடருக்குள்ளாக்குவன. பனையிலிருந்து தவறி வீழ்வோர் உளர். தலைக்கவசமின்றி மோட்டார்ச் சைக்கிளில் விரைவோர் உளர். சங்கும் கடலட்டையும் எடுக்கக் காற்றுக்கலன் பூண்டு ஆழம் செல்வோர், விரைந்து மேலெழும்பினால் குருதியிற் கரைந்த நைதரசன் குமிழிகளாகி முதுகுநாணின் குருதியோட்டத்தை அடைக்க, கால் வழங்காது போதலும் உண்டு. உடனே ஒட்சிசன் கொடுத்து, அமுக்கவறையுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புதலே வழி. ‘நாளை பார்ப்போம்’ என்று பாயிற் கிடத்தல் கேடாகும்.

இவை எல்லாவற்றினும் மிகுதி பாரிசவாதம். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், நாக்குளறல் ஆகிய மூன்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் 4½ மணித்தியாலத்துள் ஏற்ற வேண்டும். அதற்குமுன் ஸ்கான் எடுத்து, உள்ளே குருதி கசியவில்லை என உறுதி செய்யவும் வேண்டும். மன்னாரிலிருந்து வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். எண்ணெய் பூசியும் நூல் கட்டியும் கழித்த இரண்டு மணித்தியாலம், பின்னர் எந்த நிபுணராலும் மீட்டுத்தர இயலாதது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும் என்பதை ஒவ்வொரு மாணாக்கனும் மாணாக்கியும் தம் வீட்டாருக்குச் சொல்லிவைத்தல் கடன்.

வருமுன் காத்தலோ நம் கையிலேயே உள்ளது. உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் குழாய் வெடித்தற்கும் அடைத்தற்கும் ஒருங்கே துணைபோவன. கருவாடும் உப்பும் நம் உணவில் இயல்பாய் மிகுந்துள்ளமையால், நாற்பது வயது கடந்தோர் அமுக்கத்தை அளந்து பார்த்தல் நன்று.

மாணாக்கர்க்கு

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நாற்கூறாக வகுத்தார். நான்கும் ஒருங்கு கூடினாலன்றி நோய் தீராது. மூளைச் சத்திரசிகிச்சையில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நிபுணரின் கை ஆறு மணித்தியாலம் உழைத்தாலும், பின்னிரவில் நோயாளியின் கண்மணியை விளக்கால் நோக்கி, ஒன்று விரிந்துள்ளதென உடனே உரைக்கும் தாதி இல்லையேல் அவ்வுழைப்பு வீண். ஆதலால் நிபுணர் ஆவோர் மட்டுமே இத்துறைக்குரியர் என எவரும் எண்ணற்க. தாதியரும், கதிர்ப்பட வல்லாரும், ஆய்வுகூடத்தாரும், இறப்பின் காரணத்தை உண்மையாய்ப் பதிவு செய்வோருங்கூட இதன் உறுப்பினரே.

பழைய மாணவர் பலர் இன்று பிற நாடுகளிலும் பெருநகர்களிலும் மருத்துவராயும் பொறியியலாளராயும் உள்ளனர். அவர்களிடம் நாம் வேண்டுவது பொருளுதவி மட்டுமன்று. விடுமுறையில் வரும்போது ஒரு பிற்பகல் உயர்தர வகுப்பு மாணாக்கரோடு அமர்ந்து, தம் தொழிலிற் கண்டதைத் தமிழில் எடுத்துரைப்பார்களாயின், அது பெரும் பயன் தரும். மாணாக்கரும் ஒரு சிறு பணியைத் தொடங்கலாம். தம் ஊரிற் பாரிசவாதம் கண்டோர், தலையில் அடிபட்டோர் ஆகியோரை எத்தனை மணித்தியாலத்தில் வைத்தியசாலை சேர்த்தனர் என்பதை, பெயர் குறியாமல், வீட்டார் இசைவோடு, ஆசிரியர் மேற்பார்வையிற் குறித்துவருதல் அப்பணி. நால்வர் கூடித் தொடங்கியதே ஒரு நாட்டின் நரம்பியற் சங்கம் என்பதைக் கண்டோம். வாயிலைக் கடந்து வந்தோரைச் சென்னையில் ஒருவர் எண்ணினார். வாயிலை அடையாதோரை நம் கரையில் எண்ணும் வேலை இன்னும் எஞ்சியிருக்கின்றது. அதனை ஏற்பார் நம் கல்லூரியிலிருந்து எழுவாராக.